றீல்காரர் பேர்னாட்டின் நாய்

இதை எழுதுகிறவன் கொன்ஸ்ரன்ஸை முதன்முதலில் பார்த்தபோது அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கறுப்பு நாய் நின்றது. தொண்ணூற்றேழாம் ஆண்டு. பேராதனையில் பட்டம் பெற்று, தன் ஊரில் அதைப் பெற்ற முதல் ஆள் என்ற நிமிர்வோடு கொழும்புக்கு வேலைக்கு வந்திருந்தவன், கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் வாடகை அறை தேடிப் போனான். கதவைத் தட்டியதும் நாய்தான் வந்தது. குரைக்கவில்லை. அவன் கையிலிருந்த பையைப் பல்லால் மெல்லப் பற்றி உள்ளே இழுத்தது.

"பயப்பிடாதேயுங்கோ தம்பி," என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கடிக்கமாட்டான். படம் பாத்துக் கெட்டுப்போன நாய். பையைக் கண்டால் தூக்கிக்கொண்டு போகவேணும் எண்டு நிப்பான்."

தையல் மெசினிலிருந்து எழுந்து வந்தவள்தான் கொன்ஸ்ரன்ஸ். நாற்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைப்பது அவள் தொழில். முன்னறையை வாடகைக்கு விட இருந்தாள்; அன்றிலிருந்து இதை எழுதுகிறவன் அவளுடைய அறைக்காரத் தம்பியானான். புருசன் பேர்னாட் எங்கே என்று கேட்டதற்கு, "றீலோடை ஓடுறார்," என்றாள், எல்லாருடைய புருசன்மாரும் அப்படித்தான் ஓடுவார்கள் என்பதுபோல.

உண்மையில் அவர் ஓடித்தான் பிழைத்தார். இந்தியாவிலிருந்து வரும் தமிழ்ப்படத்துக்கு அப்போது ஒரே ஒரு பிரதிதான் கைக்குக் கிடைக்கும். அதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தியேட்டரும் கிராண்ட்பாஸில் ஒரு தியேட்டரும் பங்குபோட்டு ஓட்டும். இங்கே ஒரு றீல் படச்சுருள் ஓடி முடிந்ததும் அதைச் சுற்றி வட்டத் தகர ரின்னில் அடைத்து, ரின்னைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அங்கே பறக்க வேண்டும். இறக்கிவிட்டு அடுத்த றீலுக்குத் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கிராண்ட்பாஸில் வெள்ளைத் திரையும் கூச்சலும்தான். நாய் எப்போதும் சைக்கிளுக்கு முன்னால் ஓடும். அதன் தலை சந்தியில் தெரிந்ததும் அங்கே வாசலில் கடலை விற்கிறவர்கள், "நாய் வந்திட்டுது! இனிக் கதாநாயகனும் வருவார்!" என்று கத்துவார்கள்.

ஒருநாள் இடைவேளையின்போது இருக்கைக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததைப் பேர்னாட் எடுத்து வந்ததால் அதற்கு இன்ரவல் என்று பெயர். முன் பற்களுக்கு நடுவே நாக்கைக் கொடுத்து அவர் ஒரு விசில் அடிப்பார். அந்த ஒழுங்கையில் எந்த மூலையில் கிடந்தாலும் இன்ரவல் வந்து நிற்கும்.

நாய் வருகிற படமென்றால் பேர்னாட்டுக்குப் பைத்தியம். குழந்தையின் தொட்டிலை ஆட்டுகிற நாய், வில்லனின் காற்சட்டையைப் பிடித்து இழுக்கிற நாய், சாமிக்கு மாலை போடுகிற நாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து இன்ரவலுக்குப் பாடம் நடத்துவார். அது படித்தது ஒன்றே ஒன்று. சிறு துணிப்பையைக் கவ்விக்கொண்டு பேக்கரிக்குப் போய், பனிஸோடு படம் ஓட்டுகிற அறைக்குத் திரும்பி வரும். கொன்ஸ்ரன்ஸுக்கு இதெல்லாம் பகிடி. அவளிடம் தாய் வழியில் வந்த, அட்டை கழன்ற புனிதர் சரித்திரப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் கொள்ளை நோயோடு காட்டில் தனியே கிடந்த ஒரு புனிதருக்கு ஒரு நாய் தினமும் ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கும்.

"உங்கடை நாயளெல்லாம் சம்பளத்துக்கு நடிக்கிற நாயள்," என்பாள். "என்ரை புத்தகத்திலை இருக்கிறதுதான் மெய் நாய்."

"உன்ரை நாய்க்கு டயலொக்கே இல்லையே!"

"உங்கடைக்கு மட்டும் இருக்கோ?"

"இருக்கு. குரைக்கேக்கை பின்னாலை வயலின் வாசிப்பாங்கள்."

பேர்னாட்டிடம் இன்னொன்றும் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தகப்பனிடம் கற்ற ஒரு முடிச்சு. றீல் பெட்டிக் கயிற்றை இரண்டு வளையமாக்கி, வாலை உள்ளே மடித்துச் செருகுவார். எவ்வளவு குலுங்கினாலும் அவிழாது. வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முழுவதும் கழன்றுவிடும். சப்பாத்துக்கும் அதுதான், பனிஸ் பைக்கும் அதுதான். கொன்ஸ்ரன்ஸுக்கு அதை அவிழ்க்கத் தெரியும், கட்ட வராது. எத்தனை தடவை காட்டிக்கொடுத்தாலும் கடைசி மடிப்பில் பிழைத்துவிடும்.

அடுத்த ஆண்டு நகரத்தில் குண்டு வெடித்த ஒரு கிழமையில் கிராண்ட்பாஸ் வழியிலிருந்த செக்பொயின்றில் ஆட்களை மாற்றினார்கள். பழைய ஆமிக்காரர்களுக்குப் பேர்னாட்டைத் தெரியும். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு யார் சாகிறது?" என்று கதை கேட்டு அனுப்புவார்கள். புதியவர்களுக்கு அவர் யாரோ ஒரு தமிழன். சைக்கிளில் வட்டமான தகர ரின்கள் வைத்திருக்கிறான். அன்று பகல் காட்சி. அவர் கொண்டுபோனது கடைசி றீல். கிட்டங்கியில் கட்டிப்போடப்பட்டிருக்கும் கதாநாயகனை அவன் வளர்த்த நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிற றீல். ரின்னைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார். ஒருவன் படச்சுருளின் நுனியைப் பிடித்து உருவினான். அது கறுப்பு நாடாவாகச் சுழன்று புழுதி றோட்டில் விழுந்தது.

அந்த இடத்தில் வேறு எவராவது கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். பேர்னாட்டால் முடியவில்லை. நிலத்தில் இழுபடும் படத்தை இருபது வருடத்தில் அவர் கண்டதில்லை. "ஐயோ, கீறுப்படும்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு அதை அள்ளப் பாய்ந்தார். துவக்கோடு நின்றவனின் காலடிக்குத்தான் பாய்ந்தார். அவ்வளவுதான். சைக்கிளும் நாடாவும் றோட்டில் கிடக்க, அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஓட்டோக்காரர் ஒருவர் வந்துதான் கொன்ஸ்ரன்ஸுக்குச் சொன்னார்.

"நாய்?" என்று கேட்டாள். ஏன் முதலில் அதைக் கேட்டாளென்று அவளுக்கே தெரியாது.

"ஜீப்புக்குப் பின்னாலை ஓடினது அக்கா."

தியேட்டர் மனேஜர் நமசிவாயத்திடம் ஓடினாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் எங்கள் ஆள், இது படச்சுருள் என்று. அவர் கதிரையை விட்டு எழவில்லை.

"பிள்ளை, நான் போனால் என்னையும் பிடிச்சு வைப்பாங்கள். தியேட்டரை மூடச் சொல்லுவாங்கள். கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

"படம் நிண்டால் மட்டும் பொறுக்கமாட்டியளே ஐயா!"

அவள் பொலிஸ் நிலையங்களுக்குப் போனாள். ஒவ்வொரு இடத்திலும் சிங்களத்தில் கேட்டாள், கெஞ்சினாள், வரிசையில் நின்றாள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்ற ஒரே மறுமொழிதான். கொச்சிக்கடைக்குப் போய், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரிடம் அழுதாள். "சாமானைத் தேடித் தாறியள், ஆளைத் தேடித் தாருங்கோவன்," என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் இன்ரவல் தனியே வந்தது. உடம்பெல்லாம் சாக்கடைக் கான் சேறு. சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசலுக்கும் அவளுக்குமாக நடந்துகொண்டே இருந்தது.

"இவனுக்குத் தெரியும்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"அக்கா, அது படத்திலை," என்றான் அறைக்காரத் தம்பி.

"படத்திலை எண்டாலும் ஒரு நாய் செய்துதானே காட்டினது?"

தோய்க்காமல் வைத்திருந்த பேர்னாட்டின் சேட்டு ஒன்றை நாயின் மூக்கில் பிடித்தாள். படத்தில் அப்படித்தான் செய்வார்கள். "எங்கை? எங்கையடா அவர்?" நாய் கிளம்பியது. அவள் பின்னால் ஓடினாள். சந்திகளில் தயங்கவேயில்லை அது. கடைசியில் கிராண்ட்பாஸ் தியேட்டரின் பின்கதவில் போய் நின்று, வாலை ஆட்டி, கதவைப் பிறாண்டியது.

றீல் இறக்குகிற கதவு. தினமும் வருகிற வழியால் வந்து தினமும் நிற்கிற இடத்தில் நிற்கிறது. இவ்வளவுதான் இதற்குத் தெரிந்தது. கொன்ஸ்ரன்ஸ் அந்தப் படியில் குந்தி, சேட்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். "நீயும் ஒரு நாயோ," என்று அதைத் திட்டினாள். கடலைக்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் செக்பொயின்றைத் தாண்டினார்கள். அந்தச் சந்தியில்தான் நாய் மாறியது. காது பின்னால் போனது. வழக்கமான றோட்டை விட்டுவிட்டு, பேர்னாட் ஒருநாளும் சைக்கிள் விடாத ஒரு குறுக்கு ஒழுங்கைக்குள் திரும்பி ஓடியது. உயரமான மதில், மேலே கம்பிச்சுருள், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய கட்டடம், கேற்றில் ஒரு காவற்காரன். மதிலின் அடியில் கான் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் இன்ரவல் படுத்துக்கொண்டது. இழுத்தாள், எழவில்லை.

காவற்காரனிடம் போனாள். "மல்லி, என்ரை மனுசன் உள்ளுக்கோ?" என்று, தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டாள்.

"இங்கே ஒருவரும் இல்லை அக்கா. இது ஸ்டோர்ஸ்," என்றான்.

"அப்ப நாய் ஏன் இதிலை படுக்குது?"

"நாயிடம் கேள்."

எதிர்ப்பக்கத்தில் ரபீக்கா என்ற பெண் வீட்டு வாசலில் இடியப்பம் விற்றுக்கொண்டிருந்தாள். கணவனை இழந்தவள். நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"என்னத்துக்கு புள்ள வெயில்ல நிக்கிற? உள்ளுக்கு வந்து இரி. நாய மட்டும் அங்கிட்டே வுடு, நான் தொழோணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஸ்டோர்ஸ்தான். ஆளுங்கள வெக்கிற ஸ்டோர்ஸ். சத்தம் கேக்கும். நாங்க றேடியோவ ஒசத்தி வெச்சிக்குவோம்."

அன்றிலிருந்து கொன்ஸ்ரன்ஸின் தையல் மெசின் மூடிக் கிடந்தது. காலையில் ரபீக்காவின் வாசலுக்கு வந்தால் பொழுது சாயத்தான் போவாள். அங்கே இருந்துதான் பார்த்தாள், இன்ரவல் கான் ஓட்டைக்குள் உடம்பைச் சுருக்கி நுழைவதை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது. அவளுக்குத் தன் புத்தகம் நினைவுக்கு வந்தது. புத்தகத்துப் புனிதர் காட்டில் கிடந்தார். ரொட்டியை நாய்தான் கொண்டுபோனது.

வீட்டுக்குப் போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள். ஒரு பனிஸைப் போட்டு, தனக்குத் தெரிந்த சாதாரண முடிச்சுப் போட்டு, நாயின் வாயில் கொடுத்தாள். "கொண்டுபோய்க் குடு," என்றாள். பேர்னாட் பேக்கரிக்கு அனுப்புகிறபோது சொல்கிற அதே சொல்.

பை வெறுமையாகத் திரும்பி வந்தது. பையின் வாய் திறந்து கிடந்தது. கேற்றில் நின்றவன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, நாளைக்கு மீன் பனிஸ் அனுப்பு. நாய் நல்ல வெயிட்டர்."

அன்று அவள் ரபீக்காவின் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதாள். "எல்லாம் பொய். படமும் பொய், புத்தகமும் பொய்."

"அழுவுறத நிப்பாட்டு," என்றாள் ரபீக்கா. "அவனும் பசிச்ச புள்ளதான். அவனுக்கு கையில ஒண்டக் குடு, பையில ஒண்டப் போடு. வயிறு நெறஞ்சவன் நாயக் கவனிக்க மாட்டான்."

அப்படியே செய்தாள். "மல்லி, உனக்கு மீன் பனிஸ்," என்று கையில் கொடுத்துவிட்டு நாயைக் கானுக்குள் விட்டாள். காவற்காரன் தின்றான். இன்னொருவனும் வந்து கேட்டான். அவனுக்கும் கொண்டுவந்தாள். தின்று முடிந்த கையால் அவர்கள் இன்ரவலின் தலையைத் தடவினார்கள். கறுப்பு என்பதால் கலு என்று கூப்பிட்டார்கள். பை மட்டும் ஒவ்வொரு நாளும் வெறுமையாக, வாய் திறந்தே வந்தது. உள்ளே எவன் தின்கிறானோ என்று எண்ணி எண்ணி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மழை நாளில் நாய் வெளியே வரப் பிந்தியது. வந்து அவளுடைய மடியில் பையைப் போட்டது. பை வெறுமைதான். ஆனால் வாய் கட்டப்பட்டிருந்தது. இரண்டு வளையம். வால் உள்ளே மடித்துச் செருகியிருந்தது.

கொன்ஸ்ரன்ஸ் அதை அவிழ்க்கவில்லை. ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டு ரபீக்கா இடியப்பத் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நாய் பக்கத்தில் நின்றதையும் பாராமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். கை அசைகிறது.

பையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாள். அறைக்காரத் தம்பியும் கூடப் போனான். காணாமற்போனவர்களுக்காக வழக்குப் பேசுகிற கனகசபாபதி என்ற சட்டத்தரணி அங்கே இருந்தார். அவர் முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, இதைக் கோட்டிலை காட்ட ஏலாது. நாயையும் கூண்டிலை ஏத்த ஏலாது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"இவ்வளவு நாளும் ஆள் எங்கை எண்டுதானே கேட்டுக்கொண்டு திரிஞ்சியள்? எல்லாரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். இனி ஆள் இன்ன இடத்திலை இருக்கிறார் எண்டு சொல்லுவம். இடத்தின்ரை பேரைக் கேட்டால் அவங்களுக்குச் சுடும். ஆனால்..." சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். "சுட்டால் அவரிலை காட்டுவாங்களோ தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

கொன்ஸ்ரன்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளியே, காலிக்குப் போகிற வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. வழக்குப் போடாவிட்டால் பனிஸ் ஒவ்வொரு நாளும் போகும். ஒருநாள் முடிச்சு வராது. போட்டால் என்ன நடக்குமென்று ஒருவருக்கும் தெரியாது.

"போடுங்கோ," என்றாள்.

வழக்குப் போட்ட அன்று இன்ரவல் பையோடு கானுக்குள் போனது, அன்று திரும்பி வரவில்லை. கட்டடத்திலிருந்து மூடிய வாகனம் ஒன்று வெளியேறியதை ரபீக்கா கண்டாள். அதன் பிறகான நாட்கள் கொன்ஸ்ரன்ஸின் நினைவில் ஒழுங்காக இல்லை. செத்த வீட்டில் இருப்பதுபோல ஆட்கள் வந்து இருந்துவிட்டுப் போனார்கள். பின்னர் கனகசபாபதி ஆள் அனுப்பினார். பேர்னாட்டின் பெயர் விளக்கமறியலில் இருப்பவர்களின் பதிவில் ஏறிவிட்டது. இல்லாத மனிதன் இருக்கிற மனிதனாகிவிட்டார்.

சிறையில் கம்பிவலைக்கு அப்பால் நின்றவரை அவள் மட்டுக்கட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. வலது கை தொங்கியது. முன் பற்கள் இல்லை.

"இடது கையாலையும் பல்லாலையும்தான் கட்டினனான்," என்றார், சொற்கள் காற்றாய்ச் சிந்த. "அதுக்கு முந்தி ஏலாமல் கிடந்தனான். பனிஸைத் தின்னத்தான் தெம்பு இருந்தது."

"பல்லு?"

திரும்பத் திரும்பக் கேட்டாள். "அது பிறகு. வழக்குப் போட்ட அண்டைக்குப் பின்னேரம்," என்றார். உடனே, "நீ போட்டது சரி. போடாட்டி நான் இல்லை," என்றும் சொன்னார். அவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்ரவல் என்ன செய்யிறான்?" என்று அவர் கேட்டார். "வீட்டிலைதான்," என்று பொய் சொன்னாள்.

இன்ரவல் வீட்டில் இல்லை. சில நாளில் வெளியே வந்து, அந்தக் கேற்றிலேயே தங்கிவிட்டது. கானுக்குள் போவதும் வருவதும், காவற்காரரின் காலடியில் படுப்பதுமாக இருந்தது. அவர்கள் சோறு போட்டார்கள். கொன்ஸ்ரன்ஸ் கூப்பிட்டால் ஓடிவந்து கையை நக்கும். பிறகு திரும்பிப் போய்விடும். ஒருமுறை கயிறு போட்டு வீட்டுக்கு இழுத்து வந்தாள். விடிய முன் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டு அங்கேயே போய்ச் சேர்ந்தது. "சோத்துக்கு ஆமிப்பக்கம் சாஞ்சிட்டான் உங்கடை நாய்," என்று ஒழுங்கையில் பகிடி பண்ணினார்கள். அவள் சண்டைக்குப் போனாள். "அவர் உள்ளுக்குத்தான் இருக்கிறார் எண்டு நினைச்சுக் காவல் கிடக்கிறான். வெளியிலை கொண்டுபோனது அவனுக்கு எப்பிடித் தெரியும்?" ஆனால் காவற்காரன் வீசிய மீன் முள்ளுக்கு அது துள்ளிய துள்ளலை அவளும் பார்த்திருக்கிறாள். எது மெய்யென்று அவளால் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடங்களுக்கு மேல் சென்று, குற்றப்பத்திரம் எதுவும் இல்லாமலே பேர்னாட்டை விட்டார்கள். வீட்டு வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். நாய் வீட்டில் என்ற பொய் அதற்கு மேல் நிற்கவில்லை. உண்மையைக் கேட்டவர், மூன்றாம் நாள் சேட்டைப் போட்டுக்கொண்டு, "வா, போய்க் கூட்டிக்கொண்டு வருவம்," என்றார்.

ரபீக்காவின் வாசல்வரை போனார்கள். அதற்கு மேல் அவருடைய கால் எழவில்லை. எதிரே கேற்றடியில் இன்ரவல் வெயிலுக்குப் படுத்திருந்தது. முகவாயில் நரை விழுந்திருந்தது. பேர்னாட் நாக்கை மேலே வைத்து ஊதினார். பற்கள் இருந்த இடத்தால் வெறுங்காற்று போனது. மறுபடியும் ஊதினார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

அவர் கேற்றில் துவக்கோடு நின்றவனைப் பார்த்தார். அவனுக்குக் கேட்கும்படி அந்த இடத்தில் குரலெடுக்க அவரால் முடியாது. கொன்ஸ்ரன்ஸ் கூப்பிட வாயெடுத்தாள். அவர் அவளுடைய கையை அழுத்திப் பிடித்தார். நாய் ஒருமுறை தலையைத் தூக்கியது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்ததால் அவருடைய மணம் அதற்கு எட்டவில்லை. காவற்காரன், "கலு!" என்றான். அது எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, கேற்றுக்குள் போனது.

"படத்திலை எண்டால்..." என்றார் பேர்னாட்.

அவர் வெளியே வந்து ஒரு வருடமாகிற இப்போது, அவர்கள் இருவரும் வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், பின்வீட்டு இரண்டு அறையில் இருக்கிறார்கள். கொன்ஸ்ரன்ஸ் தைக்கிறாள். பேர்னாட் ஒரு கடையில் இடது கையால் பார்சல் கட்டுகிறார். இன்ரவல் அந்தக் கேற்றில்தான் இருக்கிறதென்று போன கிழமை இடியப்பம் வாங்கப் போன இதை எழுதுகிறவனிடம் ரபீக்கா சொன்னாள். பகலில் கான் ஓட்டையடியில் படுத்திருக்குமாம்.